பிரீவீலுக்குப் பின்னே ஒரு வரலாறு

மலாயாப் போரின் வரலாற்றைக் கூறுவோர் மிதிவண்டியைக் குறிப்பிட மறப்பதில்லை. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவிலும், சயாம் நாட்டின் சிங்கோரா, பத்தானி ஆகிய கடற்கரைகளிலும் இறங்கிய ஜப்பானியப் படை, 1942-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் ஜொகூர் நீரிணையின் கரையில் நின்றது. 55 நாட்களில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவை அது கடந்தது. இடையில் டிசம்பர் மாத இறுதியில் ஈப்போ அதன் கைப்பட்டது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கடும்போர் நிகழ்ந்தது. இவ்விரைவுக்குக் காரணம் மிதிவண்டியே என்பது பலர் கூற்று.

இக்கூற்றில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மை அன்று. மிதிவண்டி ஏறியவுடன் ஓடுவது. ஓடியவுடன் பழுதாவதும் அதுவே. மழையிலும் மணலிலும் உடைந்த பாலங்களின் மேலும் சுமையோடு செல்லும் வண்டி, வழியிலேயே சீர்செய்யப்படாவிடின் இரண்டு நாட்களில் பழைய இரும்பாகிவிடும். ஆதலின், வண்டி எவ்வாறு ஓடியது என்பதைக் காட்டிலும், அது எவ்வாறு பழுது நீங்கியது என்பதே வரலாற்று மாணவர் ஆராயத் தக்கது. ஓர் ஊரில் செய்த உறுப்பு மற்றோர் ஊரில் செய்த வண்டியில் பொருந்தும் முறை மிதிவண்டித் தொழிலில் முன்னரே வேரூன்றியிருந்தது. அம்முறையின் பெருமையும் குறையும் ஒருங்கே விளங்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரீவீல்.

குறடும் பிரீவீலும்

சக்கரத்தின் நடுவே, கம்பிகள் வந்து பொருந்தும் உருளையைக் கடைக்காரர் 'ஹப்' என்பர். தமிழில் இதற்குப் பழம்பெயர் ஒன்று உண்டு. தேர்ச்சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டையை முன்னோர் 'குறடு' என்றனர். சிறுபாணாற்றுப்படை தேரின் சக்கரத்தைக் கூறுமிடத்தில் இச்சொல் வருகிறது. இன்று பட்டறையில் குறடு என்றால் பற்றிப் பிடிக்கும் கருவியையே எண்ணுவோம். எனினும் பழைய பொருளும் நமக்கு உரியதே. இக்கட்டுரையில் 'ஹப்' என்பதற்குக் குறடு என்ற சொல்லே ஆளப்படுகிறது.

மிதிவண்டிப் பின்குறட்டின் உள்ளே அச்சு ஒன்று செல்கிறது. குறட்டின் இரு முனைகளிலும் கிண்ணம் போன்ற குழிவு உண்டு. அக்குழிவில் எஃகுக் குண்டுகள் வட்டமாக அமர்ந்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்துக் குண்டு கால் அங்குல அளவினது; பக்கத்திற்கு 9 குண்டுகள். அச்சின் மேல் ஏறும் 'கோன்' என்னும் கூம்புத் திருகு அக்குண்டுகளைத் தாங்குகிறது. கிண்ணத்திற்கும் கூம்புக்கும் இடையே குண்டுகள் உருள்வதாலேயே சக்கரம் எளிதாகச் சுழல்கிறது.

குறட்டின் வலப்பக்கத்தில், வெளிப்புறமாக, மரையின் மேல் திருகப்பட்டிருப்பது பிரீவீல். சங்கிலி பற்றும் பற்கள் அதன் வெளிவளையத்தில் உள்ளன. உள்ளே சிறு எஃகு நாக்குகள் உண்டு. மிதிக்கும்போது அவை வளையத்தின் உட்பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் அப்பற்களின் மேல் வழுக்கிச் செல்லும். இறக்கத்தில் வண்டி தானே ஓடும்போது கேட்கும் 'டிக் டிக்' ஓசை அந்நாக்குகளின் ஓசையே.

வலப்பக்கத்துக் குண்டுகளுக்கும் வெளியுலகிற்கும் நடுவே பிரீவீல் நிற்கிறது. இடப்பக்கத் திருகுகளைத் தளர்த்தி அச்சை வலப்புறமாக உருவி எடுக்க இயலும் என்பது உண்மையே. ஆனால் குண்டுகள் பிரீவீலின் துளைக்கு அப்பால், ஆழ்ந்த குழியில் கிடக்கும். அங்கே பழைய கிரீசை முற்றத் துடைக்கவோ, கிண்ணத்தில் அரிப்பு விழுந்துள்ளதா என்று பார்க்கவோ எளிதில் இயலாது. வலப்பக்கத்துக் கம்பி ஒன்று முறிந்தாலும் அப்படியே. பிரீவீலைக் கழற்றினாலன்றிப் புதுக்கம்பியைக் கோப்பது கடினம். ஆகவே பின்சக்கரத்தைச் செம்மையாகப் பேண வேண்டுமாயின், பிரீவீலைக் கழற்றும் வழி தெரிந்திருத்தல் வேண்டும்.

தோன்றிய வரலாறு

மிதிவண்டியின் முதல் வடிவத்தை 1817-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கார்ல் டிராய்ஸ் ஓட்டிக் காட்டினார். அதில் மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தோடு மிதி இணைக்கப்பட்டது. 1869-ஆம் ஆண்டு எஃகுக் குண்டுகளைச் சக்கரத்தில் அமைக்கும் முறைக்கு ஜூல் சூரிரே என்பவர் பிரான்சில் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த போட்டியில், குண்டுகள் அமைந்த வண்டியை ஓட்டிய ஜேம்ஸ் மூர் வென்றார்.

அதே 1869-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வில்லியம் வான் ஆண்டன் என்பவர் மிதியை நிறுத்தினாலும் சக்கரம் சுழலும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் உலகம் அதை ஏற்க முப்பது ஆண்டுகள் சென்றன. 1885-ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியில் சங்கிலி பின்சக்கரத்தை இயக்கியது. இன்றைய வண்டியின் உருவம் அன்று ஏற்பட்டது. ஆயினும் அக்கால வண்டிகளில் பல்சக்கரம் குறட்டோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. சக்கரம் சுழன்றால் மிதியும் சுழலும். இறக்கத்தில் கால்களைத் தூக்கி, முன்புறத்தில் அதற்கென அமைந்த படிகளில் வைத்துக்கொண்டனர்.

1900-ஆம் ஆண்டை ஒட்டியே பிரீவீல் பரவலாயிற்று. அது பரவியதும் வண்டியை நிறுத்த நல்ல பிரேக் வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் மிதியைத் தடுத்தே வேகத்தைக் குறைத்து வந்தனரல்லவா? 1903-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிக்டல்-சாக்ஸ் நிறுவனம், பின்னோக்கி மிதித்தால் சக்கரம் நிற்கும் 'டார்ப்பிடோ' குறட்டை வெளியிட்டது. இங்கிலாந்தில் விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கோடு கூடிய பிரீவீல் வண்டி பெருவழக்காயிற்று. மலாயாவிற்கும் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் மிகுதியாக வந்தது இந்த ஆங்கில முறை வண்டியே.

ஒரே மரை

பிரீவீலைக் குறட்டில் பொருத்த வேறு பூட்டோ ஆணியோ வேண்டுவதில்லை. மரை வலஞ்சுழியாக வெட்டப்பட்டிருக்கும். மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் பிரீவீலை மேலும் இறுக்கும். வெறும் கையால் திருகி ஏற்றினாலும், மேட்டுப்பாதையில் ஒருமுறை ஏறி இறங்கினால் அது அசைக்க முடியாத இறுக்கம் பெற்றுவிடும். எளிமையில் இதற்கு நிகரான ஏற்பாடு அரிது.

இம்மரையின் அளவில் ஆங்கிலத் தொழிற்சாலைகள் ஒத்துப்போயின. விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்திற்கு 24 மரை. பர்மிங்காமில் செய்த பிரீவீல் நாட்டிங்காமில் செய்த குறட்டில் ஏறியது. பிரெஞ்சு நாட்டார் மட்டும் 34.7 மில்லிமீட்டர் விட்டமும், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட வேறு மரையை வைத்துக்கொண்டனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; விட்டத்தில் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே. ஆயினும் ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால், சில சுற்று ஏறியபின் சிக்கி, மரையை அரித்துவிடும்.

ஜப்பானியர் ஆங்கில முறையையே பெரிதும் பின்பற்றினர். ஒசாக்காவை அடுத்த சாக்காய் நகரம் நெடுங்காலமாகக் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பெயர் பெற்றது. அந்நகரில் 1921-ஆம் ஆண்டு ஷிமானோ ஷோசாபுரோ ஒரு சிறிய இரும்புப் பட்டறையைத் தொடங்கினார். அப்பட்டறை செய்து விற்ற முதற்பொருள் மிதிவண்டிப் பிரீவீல். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஷிமானோ நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. 1930-களில் ஜப்பானிய மலிவு மிதிவண்டிகளும் உதிரி உறுப்புகளும் மலாயாக் கடைகளில் ஏராளமாக விற்பனையாயின.

போரும் பட்டறையும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஜப்பானியப் படையின் திட்ட அதிகாரிகளுள் ஒருவராகிய சுஜி மசனோபு, போருக்குப் பின் எழுதிய நூலில் ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்கிறார். ஒவ்வொரு கம்பெனியோடும் பழுதுபார்ப்போர் உடன் சென்றனர் என்றும் அவர் கூறுகிறார். மலிவான ஜப்பானிய வண்டிகள் முன்னரே மலாயாவில் விலைபோயிருந்தமையால், மாற்று உறுப்புகள் வழியெங்கும் கிடைத்தன என்பதும் அவர் தரும் செய்தி.

படைக்கு மிகுந்த தொல்லை தந்தது டயரே. வெயிலிலும் சுமையிலும் டயர்கள் வெடித்தன. ஒட்டி மாளாத நிலையில் படையினர் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் விளிம்பின் மேல் ஓட்டிச் சென்றனர். இரவில் தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான விளிம்புகள் உருண்ட ஓசையைக் கேட்டு, டாங்கிகள் வருவதாக எதிர்ப்படையினர் மயங்கியதும் உண்டு என்பர். காற்றின் தாங்கல் இல்லாத சக்கரத்தில் சாலையின் ஒவ்வோர் அதிர்ச்சியும் கம்பிக்கும் குறட்டிற்கும் நேரே செல்லும். அவ்வாறு நைந்த வண்டிக்கு மாற்றாக வேறொரு வண்டியை, அல்லது வேறொரு சக்கரத்தை, அடுத்த ஊரிலேயே எடுத்துக்கொள்ள முடிந்தது. எடுத்தது பொருந்தவும் செய்தது. படைகொண்டு வந்த வண்டிகளோடு, மலாயா மக்களிடம் பறித்த வண்டிகளும் சேர்ந்தே தெற்கு நோக்கி உருண்டன.

ஆகவே, மிதிவண்டியால் மலாயா வீழ்ந்தது என்பதைவிட, முன்னரே மலாயாவில் பரவியிருந்த ஒரே அளவும் ஒரே மரையும் படையெடுத்தவருக்கும் உதவின என்பதே பொருத்தம். வணிகத்தின் பொருட்டு ஏற்பட்ட ஒற்றுமை, கடைக்காரருக்கு உதவியது, தொழிலாளிக்கு உதவியது, பகைவனுக்கும் உதவிற்று. கருவிக்கு நட்பும் பகையும் தெரியாது.

இழந்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடை வைத்திருந்தவர் கடையை இழந்தார். வண்டி வைத்திருந்தவர் வண்டியை இழந்தார். தோட்டங்களில் அதோடு நிற்கவில்லை. முதலில் வண்டிகள் போயின. பின்னர் ஆட்களே போயினர். சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழருள் மிகப் பலர் திரும்பி வரவில்லை.

தோட்டத்து வழியில்

ஈப்போவிற்கு வடகிழக்கே, கிந்தா ஆற்றின் மேற்பகுதியில் இருப்பது தஞ்சோங் ரம்புத்தான். இரயில் நிலையமும், 1911-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையும் இவ்வூரை நாடறியச் செய்தன. சுற்றிலும் ஈயவயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இத்தகைய தோட்டங்களில் மிதிவண்டி வெறும் ஊர்தி அன்று; அது ஒரு வேலைக் கருவி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் வாளியோடு ஸ்டோருக்குத் திரும்பும் தொழிலாளியின் நாள் அதன் பின்சக்கரத்தின் மேலேயே நின்றது.

பின்சக்கரம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுமை அதன் மேல் அமர்கிறது. மிதிக்கும் விசையும் அதனிடமே செல்கிறது. மழைநாளில் செம்மண் சேறு சங்கிலியில் ஏறிப் பிரீவீலின் பக்கம் சேர்கிறது. நீரும் மணலும் வலப்பக்கக் கிண்ணத்தில் புகுந்தால், கிரீஸ் கெட்டு, குண்டுகள் துருவேறி, கூம்பில் குழி விழும். எளிதில் திறக்க முடியாத பக்கமாதலின் அது கவனிப்பாரற்றுக் கிடக்கும். இடப்பக்கத்தில் எண்ணெய் விட்டதோடு வேலை முடிந்தது எனக் கருதுவோர் பலர். இறுதியில் சக்கரம் ஆடும், அச்சும் முறியலாம்.

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், அடுத்திருக்கும் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960-ஆம் ஆண்டு வரை நீடித்தது. முள்வேலியும் வாயிற் சோதனையும் ஊரடங்கும் இருந்த அக்காலத்தில், குறித்த நேரத்திற்குள் வீடு திரும்புவது கட்டாயம். வழியில் நின்றுபோன ஒரு சக்கரம் அன்று சிறிய இடையூறு அன்று. தோட்டத்துக் குடும்பத்திற்கு வண்டி பழுதானால் ஒரு நாட்கூலி போயிற்று என்பது எக்காலத்துக்கும் உரிய கணக்கு.

கழற்றும் கலை

மிதிப்பதனால் இறுகும் மரை நெடுநாள் ஓடினால் எவ்வளவு இறுகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதைக் கழற்றுவதற்கென, பிரீவீலின் உட்புறத்தில் பள்ளங்களோ பற்களோ அமைத்தனர். அப்பள்ளத்தில் பொருந்தும் கருவியே பிரீவீல் கழற்றி. தொழிற்சாலைகள் ஒன்றுபடாது போன இடம் இதுதான். ஒருவர் இரண்டு பள்ளம் வைத்தார். மற்றொருவர் நான்கு பள்ளம் வைத்தார். பிற்காலத்தில் பன்னிரண்டு பல், இருபது பல் எனப் பெருகிற்று. பூட்டுவதற்கு ஒரே மரை. கழற்றுவதற்கோ எத்தனையோ கருவி! விற்கும் நாளை எண்ணியவர்கள் பழுதுபார்க்கும் நாளை எண்ணவில்லை.

உரிய கருவி இருந்தால் முறை எளிது. சக்கரத்தை வண்டியிலிருந்து எடுத்து, வலப்பக்க நட்டையும் வளையத்தையும் நீக்க வேண்டும். கருவியைப் பள்ளத்தில் முழுதும் பொருந்த வைத்து, அது நழுவாதபடி அச்சு நட்டை மேலே மெல்லத் திருகி வைக்க வேண்டும். பின்னர்ப் பட்டறை மேசையில் உள்ள வைஸில் கருவியைக் கவ்வச் செய்து, சக்கரத்தின் விளிம்பை இரு கைகளாலும் பற்றி, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சக்கரமே ஒரு பெரிய நெம்புகோலாக உதவுகிறது. மரை முதலில் இளகியவுடன் நட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் திருப்பினால் அந்நட்டே தடையாகி அச்சையும் மரையையும் கெடுக்கும். அதன்பின் பிரீவீல் கையாலேயே கழன்று வரும்.

கருவி கிடைக்காத இடத்தில் கைக்கொள்ளும் வழி கடுமையானது. பிரீவீலின் முகப்பு மூடியில் இரண்டு சிறு துளைகள் உண்டு. அம்மூடியின் மரை மாறுமரை. வலஞ்சுழியாகத் தட்டினால்தான் கழலும். கழன்றதும் உள்ளிருக்கும் நுண்குண்டுகளும் நாக்குகளும் சிதறும். எஞ்சிய உள்ளுடலை வைஸில் இறுகப் பிடித்துத் திருப்பிக் கழற்றுவர். குறடு பிழைக்கும், பிரீவீல் பெரும்பாலும் பிழைக்காது. ஒரு சிறிய கருவி இல்லாமையால் நல்ல உறுப்பு ஒன்று வீணாகிறது.

பிரீவீல் நீங்கியபின் குறட்டைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை எண்ணி, கிண்ணத்தையும் கூம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் புதிய கிரீஸ் இட்டு அடுக்கலாம். குழி தென்பட்டால் மாற்ற வேண்டும். கூம்பை மிக இறுக்கினால் குண்டு அரைபடும். மிகத் தளர்த்தினால் சக்கரம் ஆடும். ஆட்டமும் இல்லாது, தடையும் இல்லாது நிற்கும் அந்த நடுநிலையைக் கை பழகித்தான் அறிய வேண்டும். முடிவில் மரையில் சிறிது கிரீஸ் தடவிப் பிரீவீலை விரலாலேயே ஏற்றத் தொடங்க வேண்டும். கோணலாக ஏறுவது போல் தோன்றின், உடனே திருப்பி எடுத்து மீண்டும் தொடங்குதல் நன்று. இன்று தடவும் கிரீஸ், அடுத்த முறை கழற்றுபவனுக்குச் செய்யும் உதவியாகும்.

பிற்கால மாற்றம்

இக்குறையை நீக்கும் முயற்சி இங்கிலாந்தில் முன்னரே நடந்தது. 1930-களின் இறுதியில் பேலிஸ்-வைலி நிறுவனம் பிரீவீலையும் குறட்டையும் ஒன்றாக இணைத்த அமைப்பை விற்றது. அது அன்று பரவவில்லை. பிரீவீலோடு தொழில் தொடங்கிய ஷிமானோ நிறுவனமே 1978-ஆம் ஆண்டில் அத்தகைய அமைப்பை மீண்டும் கொண்டுவந்து உலகெங்கும் பரவச் செய்தது. அதில் பல்சக்கரங்கள் தனியே கழன்று வரும். வலப்பக்கக் குண்டுகளும் அச்சின் நுனிக்கு அருகே வந்துவிட்டன. அதனால் அச்சு முறிவதும் குறைந்தது. பழைய முறையை உலகெங்கும் விற்ற நிறுவனங்களுள் ஒன்றே அதை மாற்றியமைத்தது என்பது கருதத் தக்கது.

ஆயினும் மரைப் பிரீவீல் மறைந்துவிடவில்லை. 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, சென்னையை அடுத்த அம்பத்தூரில் 'ஹெர்குலிஸ்' வண்டி செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் முதலாக, எண்ணற்ற தொழிற்சாலைகள் ஆங்கில முறை வண்டியையே மக்கள் கையில் சேர்த்தன. பல்லடுக்கு இல்லாத எளிய வண்டிகளிலும் சிறுவர் வண்டிகளிலும் இன்றும் பிரீவீல் மரையின் மேலேயே ஏறுகிறது. பேராவின் பழைய தோட்டங்கள் பல குடியிருப்புகளாகிவிட்டன. தொழிலாளியின் ஊர்தி மோட்டார் சைக்கிளாயிற்று. எனினும் வீட்டின் பின்புறத்தில் சாய்ந்து நிற்கும் பழைய மிதிவண்டியின் வலப்பக்கக் கிண்ணத்தில், யாரும் துடைக்காத கிரீஸ் இன்னும் உலர்ந்து கிடக்கக் கூடும்.

அருங்காட்சியகங்களில் போர்க்கால மிதிவண்டிகளை வைத்திருக்கின்றனர். அவற்றின் அருகே ஒரு பிரீவீல் கழற்றியையும், ஒன்பது எஃகுக் குண்டுகளையும் வைத்தால் வரலாறு நிறைவுபெறும். வண்டியைச் செய்தவர் பெயர் அதன் சட்டத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓட்டிச் சென்ற படையின் பெயர் நூல்களில் உள்ளது. கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டி அதை ஓடச் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. நாட்டு வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரிடம் ஒரு பழைய பின்சக்கரத்தைக் கொடுத்து, அதன் பிரீவீலைக் கழற்றச் சொல்வார்களாயின், பெயரில்லாத அக்கைகளின் வரலாற்றை அவர்கள் தம் கையாலேயே அறிந்துகொள்வர்.